இந்த மென்பொருள் நாளையும் இருக்குமா?



குமாரலிங்கபுரம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீட்டில் பீரோ மேலேயோ பரணிலோ ஒரு லேப்டாப் இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்தது அது. தமிழ்நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல் இப்படிக் கொடுத்தார்கள். பிள்ளை கல்லூரி முடித்துத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருக்கும். லேப்டாப் மட்டும் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கும்.

ஏன் அதை எடுத்து உபயோகிக்கவில்லை என்று கேட்டால், “ரொம்ப ஸ்லோ. புது விண்டோஸ் இதுல ஏறாதுன்னு கடையில சொல்லிட்டாங்க” என்பார்கள்.

கடைக்காரர் சொன்னது சரிதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் ஓராண்டு வரும் என்றது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். முதல் சில ஆண்டுகளில் வந்த அரசு லேப்டாப்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. ஸ்க்ரீன், கீபோர்டு எல்லாம் நன்றாக இருக்கும் பொருளைக் ‘காலாவதி’ என்று ஒதுக்கச் சொல்கிறார்கள்.

வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் போட்டு, பெய்தால் உண்டு பெய்யாவிட்டால் இல்லை என்று ஓடுகிற குடும்பம் நம்முடையது. புது லேப்டாப்புக்கு இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் என்பது அங்கே சின்னத் தொகையா? பிள்ளையின் ஒரு வருஷ ஃபீஸ் அதற்குள் அடங்கிவிடும்.

இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இதைத்தான். ஒரு மென்பொருளை வீட்டுக்குள் விடும்போது அது ஹேங் ஆகுமா, ஆகாதா என்று மட்டும் கேட்கிறோம். இன்னும் பத்து வருஷம் கழித்து அது இருக்குமா, அதைச் செய்த கம்பெனி கைவிட்டால் வேறு யாராவது எடுத்து நடத்த முடியுமா என்று கேட்பதில்லை. அதற்கான பதில், நாம் யாருமே படிக்காமல் ‘ஓகே’ அழுத்திக் கடந்துபோகும் உரிமப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இது சொந்தக் கதை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் தெரியாத டி.டி.பி. சென்டர் நம் பகுதியில் இருந்ததுண்டா? சிவகாசி காலண்டர், அருப்புக்கோட்டைக் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காதணி விழா அழைப்பிதழ் என்று ஒரு தலைமுறைத் தமிழ் அச்சு அதில்தான் ஓடியது. 1985-இல் அதை ஆல்டஸ் என்ற கம்பெனி வெளியிட்டது. 1994-இல் அடோபி அந்தக் கம்பெனியையே வாங்கியது. 2001-இல் வந்த 7.0-தான் கடைசிப் பதிப்பு. 2004-இல், இனி இதில் வேலை செய்ய மாட்டோம், எங்கள் இன்டிசைன் மென்பொருளுக்கு வாருங்கள் என்று அடோபி சொல்லிவிட்டது.

அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது. அந்த மென்பொருளை நேசித்தவர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருந்தார்கள். திருத்தி நடத்தும் திறமையும் அவர்களில் பலருக்கு இருந்திருக்கும். ஆனால் மூல நிரல் அடோபியின் பூட்டுக்குள். இன்றைய இன்டிசைன் பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதுகூட இல்லை. நம் ஊர் டி.டி.பி. சென்டர்களில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றை மூலையில் உயிரோடு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். ஊர்த் திருவிழா மலர், சங்கத்து ஆண்டறிக்கை, காலமான பெரியவர்களின் நினைவு மலர் எல்லாம் அந்தக் கோப்புகளில் கிடக்கின்றன. அந்த ஒரு கணினி நின்றுபோனால் அவையும் போகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அடோபி கைவிட்ட அந்தக் கோப்புகளைத் திறக்கும் வழியைத் தன்னார்வ நிரலாளர்கள் சிலர் உட்கார்ந்து கண்டுபிடித்து, லிபர் ஆபீஸ் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளில் சேர்த்துவிட்டார்கள். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. பக்க அமைப்பு அப்படியே அச்சு அசலாக வராது. பழைய தமிழ் எழுத்துருவையும் நிறுவியிருக்க வேண்டும். ஆனாலும் உள்ளே இருக்கும் விஷயத்தை மீட்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. லாபம் எதிர்பார்க்காதவர்கள் செய்து கொடுத்த வேலை இது. டி.டி.பி. சென்டர் நடத்தும் வாசகர்கள், பழைய கோப்புகளை இந்த வழியில் திறந்து பார்த்து, யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலிலும் பேஜ்மேக்கருக்குப் பாடம் உண்டு. கடைசிப் பதிப்பு வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து! ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, புத்தகத்தில் உள்ளதைத்தான் அவர்கள் நடத்த முடியும். ஆனால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பாடநூல் என்றதும் இன்னொரு பெயர் பலருக்கு ஞாபகம் வரும். ஸ்டார் ஆபீஸ்! மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்த ஒரு தலைமுறையே அதைத்தான் படித்தது. வெளியே வந்தால் எந்தக் கடையிலும் எந்த அலுவலகத்திலும் அந்தப் பெயரே இல்லை. எல்லாரும் வேர்டு, எக்ஸெல் என்றார்கள். “ஏம்ப்பா இதைப் படிக்க வச்சாங்க?” என்று பிள்ளைகள் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த ஸ்டார் ஆபீஸுக்குப் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். ஜெர்மனியில் ஒரு கம்பெனி செய்தது அது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000 அக்டோபரில் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். 2010 தொடக்கத்தில் சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கியது. ஆரக்கிளின் போக்கு பிடிக்காத நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் மூல நிரலை எடுத்துக்கொண்டு தனியே வந்து, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் லிபர் ஆபீஸ் என்று தொடர்ந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, உரிமமே அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. காசு வாங்கி விற்ற ஸ்டார் ஆபீஸ் பெயர் மாறி, சில மாதங்களில் நின்றேபோனது. திறந்துவிட்ட கிளை இன்றும் வளர்கிறது.

ஆரக்கிள் 2011-இல் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. அங்கே 2014-இல் 4.1 வந்தது. அதன் பிறகு சிறு திருத்தங்களைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. லிபர் ஆபீஸோ ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பதிப்பு தருகிறது. 2018-இல் மாறிய பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல் ஓப்பன் ஆபீஸைத்தான் கற்றுத்தருகிறது. பிள்ளைகளுக்கு என் யோசனை: பாடத்தை ஓப்பன் ஆபீஸில் படியுங்கள், வீட்டில் லிபர் ஆபீஸில் செய்து பாருங்கள். மெனுக்கள் பெரும்பாலும் ஒன்றுதான். தமிழ் இடைமுகமும் இருக்கிறது.

‘இலவசம்’ என்ற சொல் நம்மிடையே கொஞ்சம் அசட்டையை உண்டாக்கிவிடுகிறது. சும்மா வருவதற்கு என்ன தரம் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே, லினக்ஸ் என்ற இலவசத் திறந்த மூல இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்தான். கல்யாண வீடியோ பார்க்கும் வி.எல்.சி., பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே புழங்கும் விஷயங்கள்தான் இவை.

உரிமங்களில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். விதை கொடுக்கும் முறையைப் போலத்தான். ஒருவர் விதையைக் கொடுத்து, “என்ன வேண்டுமானாலும் செய்துகொள்” என்கிறார். அப்பாச்சி உரிமம் அந்த வகை; வாங்கியவர் அதைத் தன் பொருளோடு கலந்து, பூட்டி விற்கவும் செய்யலாம். இன்னொருவர், “நீ இதிலிருந்து புது ரகம் எடுத்து ஊருக்குக் கொடுத்தால், வாங்குகிறவருக்கும் விதைநெல் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுக்க வேண்டும்” என்கிறார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் எழுதிய ஜி.பி.எல். உரிமம் இந்த வகை. லினக்ஸ் கெர்னல் 1992 முதல் ஜி.பி.எல்.-இல் இருக்கிறது. லிபர் ஆபீஸின் உரிமம் இரண்டுக்கும் நடுவில், ஆனால் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் ஓப்பன் ஆபீஸில் நடக்கும் நல்ல திருத்தத்தை லிபர் ஆபீஸ் எடுத்துக்கொள்ள முடிகிறது. லிபர் ஆபீஸிலிருந்து ஓப்பன் ஆபீஸ் எடுக்க முடிவதில்லை.

எது சிறந்தது என்று நிரலாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார்கள். வியாபாரத்துக்கு முதல் வகை சௌகரியம் என்பார்கள், அதிலும் உண்மை உண்டு. வாங்கிப் பயன்படுத்துகிற சாதாரண வீட்டுக்கு இரண்டாவது வகைதான் பாதுகாப்பு என்பது என் முடிவு. நாளைக்கு யார் வாங்கினாலும் விற்றாலும், நம் கைக்கு வந்த உரிமை போகாது.

“கோளாறு வந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. திறந்த மூல உரிமங்களில் உத்தரவாதம் இல்லை என்று பெரிய எழுத்திலேயே போட்டிருக்கும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் உரிமத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அங்கேயும் நஷ்டஈட்டுக்கு எல்லை கட்டியிருப்பார்கள். உங்கள் கோப்பு தொலைந்ததற்குக் கம்பெனி வீட்டுக்கு வந்து ஈடு கட்டிய கதையை எங்காவது கேட்டதுண்டா?

நம் மாநிலத்துக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. சி.உமாசங்கர் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த 2006, 2007 வாக்கிலேயே அங்கே அலுவலகக் கணினிகளை சூசி லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார்கள். சென்னையில் உள்ள சி-டாக் மையம் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 2007-இல் முதல் பதிப்பு. 2014-இல் எக்ஸ்பி ஆதரவு முடியப்போகிறது என்றபோது, தமிழக அரசு தன் துறைகளுக்கு அந்த பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது.

பிறகு ஏன் நம் வீடுகளில் அது தங்கவில்லை? லேப்டாப் லினக்ஸோடு வந்த வீடுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். நேராகக் கடைக்குப் போய், முந்நூறு ரூபாயோ ஐந்நூறு ரூபாயோ கொடுத்து, அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டோம். பிள்ளைகள்மேல் தப்பில்லை. பொருளைக் கொடுத்தார்கள், சந்தேகம் வந்தால் கேட்க ஆளைக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கேரளாவில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிகளை முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள், எஸ்.எஸ்.எல்.சி.-யில் ஐ.டி. பாடத் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். இன்று கைட் என்ற அமைப்பு தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ற லினக்ஸையே தயாரித்துக் கொடுக்கிறது. அங்கே பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் டீச்சர் இருக்கிறார். வேறுபாடு அந்த ஒரு இடத்தில்தான்.

திருட்டு விண்டோஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஆக்டிவேட் செய்யப் போடும் சின்ன மென்பொருள் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டவருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், மகளிர் குழுக் கணக்கை வைக்கிறோம், பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்கு ஆதார் நகலை ஏற்றுகிறோம். நேர் வழியில் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் ஆகாது. திறந்த மூல மென்பொருளும் தடுமாறியிருக்கிறது. 2008 ஜனவரியில் லினக்ஸின் திரை முகப்புகளில் ஒன்றான கே.டி.ஈ. 4.0 வந்தபோது பாதி வசதிகள் வேலை செய்யவில்லை. பழைய பதிப்பில் நிம்மதியாக இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். 2011-இல் க்னோம் 3 என்ற இன்னொரு முகப்பு வந்து திரையின் அமைப்பையே தலைகீழாக்கியது. இந்தக் கோபங்கள் நியாயமானவை. புதுமை என்ற பெயரில் பழகிய கையைக் கட்டிப்போடுவது அநியாயம். ஆனால் க்னோம் மாறியதும் என்ன நடந்தது பாருங்கள். பழைய முறை வேண்டும் என்றவர்கள் பழைய நிரலை எடுத்து மேட் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழு சினமன் என்று தனி முகப்பையே செய்துகொண்டது. எக்ஸ்பியை நேசித்தவர்கள் இப்படி ஏதாவது செய்ய முடிந்ததா? இதனால்தான் நிலைத்தன்மையையும் உரிமத்தையும் தனித்தனியாகப் பேசக் கூடாது என்கிறேன்.

எந்த வேலைக்கு லினக்ஸ் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் விண்டோஸிலேயே இருங்கள். டேலி அதற்காகத்தான் செய்யப்பட்டது. சிவகாசி அச்சகத்துக்குக் கோரல்டிரா கோப்பாகவே அனுப்ப வேண்டியவர்கள் இங்க்ஸ்கேப் என்ற திறந்த மூல மாற்றை நம்பி இறங்க வேண்டாம்; படிக்கிற பிள்ளைகள் டிசைன் கற்றுக்கொள்ள அது அருமையானது. ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் மல்லுக்கு நிற்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர்கள் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வேர்டில் செய்த சிக்கலான அட்டவணை லிபர் ஆபீஸில் கொஞ்சம் நகரும். பயோடேட்டாவை யாருக்காவது அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை.

படிக்கும் பிள்ளை, டி.என்.பி.எஸ்.சி.-க்குத் தயாராகும் அண்ணன், மகளிர் குழுக் கணக்கு எழுதும் அக்கா, யூடியூபில் பக்திப் பாட்டுக் கேட்கும் அப்பத்தா, இவர்களில் யாருக்கும் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. பிரவுசர், டைப்பிங், கணக்குத் தாள், வீடியோ என்று அவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது.

மாறுவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸையோ ஏற்றி, அதிலிருந்தே கணினியை ஆன் செய்யலாம். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலே ஓடும். வைஃபை வேலை செய்கிறதா, பிரிண்டர் வருகிறதா, சத்தம் கேட்கிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிடலாம். 2 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப் என்றால் லுபுண்டு போன்ற இலகுவான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், வேகம் கண்ணுக்கே தெரியும். உபுண்டுவில் எல்.டி.எஸ். என்று போட்டிருக்கும் பதிப்பை மட்டும் எடுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும். 24.04 என்றால் 2029 வரை கவலையில்லை. நிரந்தரமாக நிறுவுவதற்கு முன் போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். இதை மறந்தால் பிறகு யாராலும் உதவ முடியாது.

கேட்க ஆள் வேண்டும் என்றால் தமிழிலேயே சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழும், அதைச் சுற்றி வளர்ந்த கணியம் அறக்கட்டளையும் லினக்ஸ் முதல் பைத்தான் வரை எளிய தமிழில் பாடங்களை இலவசமாகக் கொடுக்கின்றன. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பே நடத்துகிறது. விழுப்புரத்தில் முடிந்தது அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் ஏன் முடியாது? கணினிப் படிப்பு முடித்துவிட்டு ஊரில் இருக்கும் தம்பி, தங்கைகள் நாலு பேர் சேர்ந்தால் போதும்.

நம் பகுதி மாறிக்கொண்டிருக்கிறது. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. ஸ்டோர்ஸ், பில்லிங், அக்கவுண்ட்ஸ், டிசைன் என்று அங்கே கிடைக்கக்கூடிய பாதி வேலைகள் கணினியில்தான் இருக்கும். கூட்டல், சராசரி, வி-லுக்அப் எல்லாம் லிபர் ஆபீஸின் கால்க்கிலும் எக்ஸெலிலும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டும். ஒன்றில் நன்றாகப் பழகிய கை இன்னொன்றில் ஒரு வாரத்தில் பழகிவிடும். வீட்டில் பழகவே கணினி இல்லாத பிள்ளைதான் பின்தங்கும்.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அடுத்த முறை கண்டிப்பாகப் போங்கள். கம்ப்யூட்டர் லேபில் எத்தனை கணினிகள் ஓடுகின்றன, அவற்றில் என்ன மென்பொருள் இருக்கிறது, அதற்கு உரிமம் இருக்கிறதா, விண்டோஸ் ஓடாத பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வீட்டில் லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்கள், சரிவந்ததையும் சரிவராததையும் சேர்த்தே எழுதுங்கள். எந்த பிரிண்டர் வேலை செய்தது, எது படுத்தியது என்பதெல்லாம் அடுத்த வீட்டுக்காரருக்கு உதவும். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்